கலர் மரவட்டை போட்டோவும் "இதோட பேர் என்ன?"வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மழை பெய்து ஓய்ந்தால் போதும், தெரிந்தவர்கள் எல்லாரும் எனக்கு மரவட்டைப் படம் அனுப்ப ஆரம்பித்துவிடுவார்கள். படத்துக்குக் கீழே ஒரே வரி: "இது என்ன?" நான் பூச்சியியல் படித்தவன் இல்லை. பல வருடமாக இவற்றைத் தேடித் தேடிப் படமெடுத்து, தப்பான பேரை வைத்து, விஷயம் தெரிந்தவர்களிடம் குட்டு வாங்கித் திருத்திக்கொண்டவன், அவ்வளவுதான். ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப எழுதிக் கை வலித்ததால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டுவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இருக்கின்றன.

காட்டுல கலரா, நீளமா ஒன்னு ஊர்ந்து போச்சு. மரவட்டையா, பூரானா?

படத்தைப் பெரிதாக்கி, உடம்பின் நடுப்பகுதியில் ஏதாவது ஒரு வளையத்தைப் பாருங்கள். ஒரு வளையத்துக்கு ஒரு ஜோடிக் கால் இருந்தால் பூரான், இரண்டு ஜோடி இருந்தால் மரவட்டை. கால் சரியாகத் தெரியவில்லையா, நடையை நினைத்துப் பாருங்கள். பூரான் விறுவிறுவென்று ஓடும், கால்கள் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும், கடைசி ஜோடி பின்னால் நீளமாக இழுபடும். மரவட்டை அவசரப்படாது. அதன் கால்கள் வயிற்றுக்கு அடியில் அலை அலையாக நகரும். நீங்கள் போனை எடுத்து, கேமராவைத் திறந்து, ஃபோகஸ் செய்யும் வரைக்கும் அது அங்கேயே இருந்தது என்றால் பெரும்பாலும் மரவட்டைதான்.

ரயில் பூச்சி என்று குழந்தைகள் சொல்வதும் இதைத்தான். ஜப்பானில் உண்மையிலேயே ரயிலை நிறுத்திய ஒரு மரவட்டை இருக்கிறது, எட்டு வருடத்துக்கு ஒரு தடவை கூட்டம் கூட்டமாகக் கிளம்பித் தண்டவாளத்தை மூடிவிடும். 

கால் ஆயிரம் இருக்கணுமே, எண்ணினா எண்பதுகூட வரலையே?

வராது. மரவட்டைகளில் பெரும்பாலானவற்றுக்குச் சில டஜனிலிருந்து சில நூறு கால்கள்தான். நிஜமாகவே ஆயிரத்தைத் தாண்டிய ஒன்று 2021இல்தான் விவரிக்கப்பட்டது. மேற்கு ஆஸ்திரேலியாவில் கனிமம் தேடித் தோண்டிய துளையில், 60 மீட்டர் ஆழத்தில் கிடைத்தது. பெயர் யூமில்லிபெஸ் பெர்செஃபோனி, அதிகபட்சமாக எண்ணியது 1306 கால். அதற்கு முன்பு 750 கால் கொண்ட ஒரு கலிஃபோர்னியா மரவட்டைதான் முதலிடத்தில் இருந்தது.

அடையாளம் காண, கால்களை எண்ணுவதைவிட வளையங்களை எண்ணுவது எளிது, பயனும் அதிகம். ஏன் என்று ஆறாவது கேள்வியில் வரும்.

ஆறே கால்தான் தெரியுது, ஆனா உடம்பு வளையம் வளையமா மரவட்டை மாதிரியே இருக்கு. இது என்ன?

வண்டின் புழுப் பருவமாக இருக்கும். மின்மினி, அதன் நெருங்கிய உறவினர்கள் எல்லாம் புழுவாக இருக்கும்போது தட்டையாக, கவசம் போட்ட மாதிரி இருக்கும், கால்கள் முன்பக்கம் மட்டும் ஆறு. அந்த உறவினர்களில் ஒரு கூட்டம் மரவட்டையையே பிடித்துத் தின்னும். ஒன்று மட்டும் கவனம்: அப்போதுதான் முட்டையிலிருந்து வந்த மரவட்டைக் குட்டிக்கும் மூன்று ஜோடிக் கால்தான். ஆனால் அது அவ்வளவு சின்னது, வெளிறியது, உங்கள் கண்ணில் பட்டிருக்க வாய்ப்புக் குறைவு.

இவ்வளவு சிவப்பா மஞ்சளா இருக்கே, விஷம்தானே? கடிக்குமா?

கடிக்காது, கொட்டாது. பூரானுக்கு இருக்கும் நச்சுக்கொடுக்கு இதற்குக் கிடையாது. ஆனால் ரசாயனம் உண்டு. பல இனங்களின் பக்கவாட்டில் வரிசையாகச் சின்னத் துளைகள் இருக்கும், சீண்டினால் அவற்றின் வழியே திரவம் கசியும். உருளை வடிவ மரவட்டைகள் பலவற்றில் அது பென்சோகுவினோன், காரமான அயோடின் மாதிரி நாற்றம் அடிக்கும். தட்டை முதுகு மரவட்டைகளில் ஹைட்ரஜன் சயனைடு வரும், கூடவே பென்சால்டிஹைடு என்ற பொருளும் வருவதால் பாதாம் எசென்ஸ் வாசனை அடிக்கும். கலர் என்பது பறவைகளுக்கும் பல்லிகளுக்கும் வைத்த எச்சரிக்கைப் பலகை, "என்னைத் தின்னால் வாய் வெந்துபோகும்" என்பதுதான் அதன் அர்த்தம்.

கையில் ஊர விட்டதற்காகப் பெரியவர்களுக்கு ஒன்றும் ஆகிவிடாது, ஆனாலும் தேவையில்லை. மூடிய டப்பாவில் நிறையப் பிடித்து அடைக்காதீர்கள், அதுகளுக்கே அது ஆபத்து. முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்து பார்க்காதீர்கள். சில பெரிய வெப்பமண்டல இனங்கள் திரவத்தைக் கொஞ்ச தூரம் பீய்ச்சியும் அடிக்கும், கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு நேராக டாக்டரிடம் போங்கள்.

எடுத்துட்டேனே! விரல் பழுப்பாயிடுச்சு, கழுவினாலும் போகலை.

சோப்புப் போட்டு உடனே கழுவியிருந்தால் கொஞ்சம் குறைந்திருக்கும், இனிமேல் தானாகத்தான் போகும். குவினோன் தோலோடு சேர்ந்து கறையாகிவிடுகிறது. மஞ்சளாக ஆரம்பித்துப் பழுப்பாகி, சமயத்தில் ஊதா கலந்த கறுப்பாகவும் ஆகும். போக நாட்கள், சிலருக்கு வாரங்கள்கூட ஆகும். எரிச்சலோ கொப்புளமோ வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஷூவுக்குள் புகுந்த மரவட்டையை மிதித்துவிட்டு, கால்விரல் கறுத்ததைப் பார்த்து ரத்த ஓட்டம் நின்றுவிட்டது என்று பயந்து ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் குறிப்புகள் இருக்கின்றன. குழந்தைக்கு அப்படி ஒரு கறை வந்தால் யாராவது அடித்த காயம் என்று தப்பாக நினைக்கவும் கூடும். அதனால் டாக்டரிடம் போகும்போது மரவட்டையின் படத்தையும் காட்டுங்கள்.

கறுப்பு உடம்பு, மஞ்சள் புள்ளி. இவ்வளவு தெளிவா சொல்றேன், பேர் சொல்ல முடியாதா?

முடியாது, கலரை மட்டும் வைத்து முடியவே முடியாது. நான் மாட்டிக்கொண்ட முதல் இடமே இதுதான். கறுப்பு உடம்பில் ஓரமாக மஞ்சள் என்றால், வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரக் காடுகளில் அது ஹார்பாஃபி ஹேடெனியானாவாக இருக்கலாம். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கரும்பழுப்பு உடம்பும் வெளிர்மஞ்சள் ஓரமுமாக அனோப்ளோடெஸ்மஸ் சாசுரீ இருக்கிறது. உருளை உடம்பில் கறுப்பும் மஞ்சளும் பட்டை பட்டையாக இருந்தால் கரீபியனிலிருந்து ஃபுளோரிடாவுக்கு வந்து சேர்ந்த அனடெனோபோலஸ் மோனிலிகார்னிஸாக இருக்கலாம். மூன்றும் ஒன்றுக்கொன்று ரொம்பத் தூரத்துச் சொந்தம்.

இன்னும் மோசமான கதை கிழக்கு அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைகளில். அங்கே ஒரே காட்டில் வாழும் வெவ்வேறு இன மரவட்டைகள் ஒரே கலரைப் போட்டுக்கொள்கின்றன. எல்லாமே சயனைடு விடுபவை, ஒரே சீருடை போட்டால் பறவைக்குப் பாடம் சீக்கிரம் பதியும், எல்லாருக்கும் லாபம். அடுத்த பள்ளத்தாக்குக்குப் போனால் அதே இனம் வேறு கலரில் இருக்கும், அங்கே உள்ள கூட்டத்தோடு ஒத்துப்போக. ஆக, ஒரே கலர் என்பதால் ஒரே இனம் ஆகாது, வேறு கலர் என்பதால் வேறு இனமும் ஆகாது.

முதலில் வடிவத்தைப் பாருங்கள். மேலிருந்து பார்க்கும்போது ஒவ்வொரு வளையத்தின் இரண்டு பக்கமும் சிறகு மாதிரி மடல் நீட்டிக்கொண்டு, முதுகு தட்டையாக இருந்தால் பாலிடெஸ்மிடா என்ற வரிசை (வரிசை என்றால் பல குடும்பங்கள் சேர்ந்த பெரிய பிரிவு). அங்கே வளையங்களை எண்ணுங்கள்: தலையை விட்டுவிட்டு, அதை ஒட்டிய முதல் தட்டான கழுத்துப் பட்டையிலிருந்து வால் நுனி வரை பெரும்பாலும் சரியாக 20 வரும், சிலவற்றில் 18 அல்லது 19. இவற்றுக்குக் கண்ணே கிடையாது. கண்ணைக் கவரும் கலர்களில் பெரும்பங்கு இந்த வரிசையில்தான். உடம்பு பென்சில் மாதிரி உருளையாக, வளையங்கள் நாற்பது ஐம்பது என்று போய்க்கொண்டே இருந்தால் ஸ்பைரோபோலிடா, ஸ்பைரோஸ்ட்ரெப்டிடா, ஜூலிடா ஆகிய மூன்றில் ஒன்று. முகத்தின் நடுவே மேலிருந்து கீழாகத் தையல் போட்ட மாதிரி ஒரு கோடு தெளிவாக ஓடினால் ஸ்பைரோபோலிடா பக்கம் சாயலாம். குட்டையாக, குவிந்த முதுகோடு, தொட்டால் உருண்டை ஆனால் அடுத்த கேள்விக்குப் போங்கள்.

தொட்டவுடனே கோலி குண்டு மாதிரி உருண்டுக்குச்சு. இதுவும் மரவட்டையா?

இருக்கலாம், மர ஈர்ப்பூச்சி வகையாகவும் இருக்கலாம். மர ஈர்ப்பூச்சி என்பது நண்டு, இறால் குடும்பத்தோடு சேர்ந்தது, அதற்கு ஏழு ஜோடிக் கால்கள்தான். உருண்டு கிடக்கும்போது கால் தெரியாதே என்றால் பின்பக்கத் தட்டைப் பாருங்கள். உருளும் மரவட்டைக்குக் கடைசித் தட்டு ஒரே அகலமான கேடயமாக இருக்கும். மர ஈர்ப்பூச்சிக்குப் பின்பக்கம் ஒடுங்கிய சின்னச் சின்னத் தட்டுகள் நெருக்கமாக இருக்கும்.

மரவட்டைதான் என்று முடிவானால் இடத்தைப் பார்க்க வேண்டும். பெரிய உருண்டைகள், ஸ்பேரோதெரிடா வரிசை, தென் ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், தெற்கு மற்றும் தென்கிழக்கு ஆசியா, ஆஸ்திரேலியா பக்கம். சின்னவை, குளோமெரிடா வரிசை, பெரும்பாலும் வடக்குப் பாதி உலகில்.

எந்த ஊர் காடுன்னு சொல்லியே ஆகணுமா? ரகசிய இடம் அது.

ஆமாம், சொல்லாமல் கேட்டால் பாதிப் பேரால் பதில் சொல்லவே முடியாது. உலகில் விவரிக்கப்பட்ட மரவட்டை இனங்கள் 12,000க்கு மேல். ஆனால் இவற்றால் பறக்க முடியாது, வேகமாக நடக்க முடியாது, வறண்ட இடத்தைக் கடந்து போகவும் கஷ்டம். அதனால் ஒரே மலை, ஒரே குகை என்று வாழும் இனங்கள் ஏராளம். இடம் தெரிந்தால் ஆயிரக்கணக்கான பெயர்கள் ஒரே அடியில் விழுந்துவிடும். எனக்கு நேரில் மலை, மாவட்டம், ஏறத்தாழ உயரம் சொன்னால் போதும். அரிய இனமாக இருந்தால் துல்லியமான புள்ளியைப் பொதுவில் போடாமல் இருப்பதே நல்லது, பிடித்து விற்பவர்களும் படம் பார்க்கிறார்கள்.

விதிவிலக்கு, மனிதனோடு பயணம் போனவை. பூந்தொட்டி மண்ணில் ஒளிந்து உலகம் சுற்றிய ஆக்சிடஸ் கிராசிலிஸ் கிழக்கு ஆசியாவைச் சேர்ந்தது, இப்போது பசுமைக்குடில் இருக்கும் இடமெல்லாம் அதுவும் இருக்கும். துருச் சிவப்பு நிறத்தில் உருளையாக வரும் டிரிகோனியுலஸ் கொராலினஸும் ஆசியாவிலிருந்து கிளம்பி வெப்பமண்டலம் முழுக்கப் பரவிவிட்டது. காட்டுக்குள் இல்லாமல் தோட்டத்திலோ குப்பைமேட்டிலோ எடுத்த படம் என்றால் முதலில் இந்தப் பயணிகளைத்தான் சந்தேகிப்பேன்.

எத்தனை போட்டோ எடுக்கணும்? ஒன்னு அழகா எடுத்திருக்கேனே.

அழகான அந்த ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் அழகில்லாத நாலு எடுங்கள். நேர் மேலிருந்து, முழு உடம்பும் வருகிற மாதிரி ஒன்று. பக்கவாட்டில் ஒன்று, கால்களும் துளைகளும் தெரிய. முகத்துக்கு நேராக ஒன்று. வால் நுனிக்கு ஒன்று, அங்கே முனை நீட்டிக்கொண்டிருக்கிறதா, வளைந்திருக்கிறதா, மொட்டையா என்பது நல்ல தடயம். பக்கத்தில் தீக்குச்சியோ பேனா மூடியோ வைத்தால் அளவு தெரியும். "ரொம்பப் பெரிசு சார்" என்று சொல்லிக் கடைசியில் நாலு சென்டிமீட்டர் வந்த கேஸ்கள் நிறையப் பார்த்துவிட்டேன்.

ஃபிளாஷ் அடித்தால் ஈரமான முதுகு பளபளத்துப் பாதிக் கலர் வெளுத்துவிடும், நிழலில் இயற்கை வெளிச்சம் போதும். என்னிடம் ஒரு பழைய படம் இருக்கிறது, ரத்தச் சிவப்பு மரவட்டை ஒன்று பாசி பிடித்த கட்டைமேல் போகிறது, உணர்கொம்பால் பாசியைத் தட்டித் தட்டி முன்னால் வழி பார்க்கிறது. அற்புதமான படம். அதன் பேர் இன்றுவரை எனக்குத் தெரியாது, ஏனென்றால் பின்பாதி உடம்பு ஃப்ரேமுக்கு வெளியே.

ஆப்புல போட்டேன், டக்குனு பேர் சொல்லிடுச்சு. அப்புறம் எதுக்கு இவ்வளவும்?

ஐநேச்சுரலிஸ்ட் மாதிரி ஆப்கள் தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் படங்களோடு ஒப்பிட்டுத்தான் சொல்கின்றன. நிறையப் பேர் படமெடுத்த பிரபல இனங்கள் அதற்கு நன்றாகத் தெரியும், யாரும் படமெடுக்காத இனம் அதன் பட்டியலிலேயே இருக்காது. அப்போது அது கிட்டத்தட்ட அதே கலரில் உள்ள பிரபலத்தின் பேரைத் தூக்கிக் கொடுத்துவிடும். கறுப்பு மஞ்சள் கதை ஞாபகம் இருக்கிறதல்லவா? பரிந்துரையைத் தொட்டு, அந்த இனம் எந்த நாட்டில் இருக்கிறது என்று வரைபடத்தைப் பாருங்கள். கடல் தாண்டி இருந்தால், அது பயணி வகை இல்லையென்றால், விட்டுவிடுங்கள்.

அங்கே ‘ரிசர்ச் கிரேடு’ (ஆராய்ச்சிக்கு ஏற்ற தரம்) என்று வந்தாலும் கொஞ்சம் யோசியுங்கள். அடையாளம் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனாலே அந்த முத்திரை விழுந்துவிடும். இரண்டு பேர் மட்டும் சொல்லியிருந்து, இரண்டாமவர் முதலாமவரைப் பார்த்துத் தலையாட்டியிருந்தாலும் விழும்.

ஒரு நிபுணர்கிட்ட கேட்டேன், "குடும்பம் வரைக்கும்தான் சொல்ல முடியும்"னு முடிச்சிட்டார். தெரியாமத்தானே அப்படிச் சொல்றார்?

தெரிந்ததால்தான் அப்படிச் சொல்கிறார். மரவட்டைகளில் இனத்தைப் பிரிப்பது பெரும்பாலும் ஆணின் கோனோபாடை வைத்துத்தான். ஏழாவது வளையத்தில் இருக்கும் கால்கள் விந்தைக் கடத்தும் உறுப்பாக மாறியிருக்கும், அதைத்தான் அப்படிச் சொல்வார்கள். பூட்டுக்குச் சாவி மாதிரி ஒவ்வோர் இனத்துக்கும் அதன் கொக்கியும் வளைவும் தனி. அதைப் பார்க்க வளர்ந்த ஆண் வேண்டும், மைக்ரோஸ்கோப் வேண்டும், பெரும்பாலும் உறுப்பைப் பிரித்து எடுக்க வேண்டும். உங்கள் படத்தில் அது வயிற்றுக்கு அடியில், பாதி உள்ளே மடங்கிக் கிடக்கிறது. படத்தில் இருப்பது பெண்ணாக இருந்தால் அதுவும் கிடையாது.

அதனால் குடும்பமோ பேரினமோ கிடைத்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள். என் படங்களில் முக்கால்வாசி அங்கேதான் நிற்கின்றன. வடிவமும் கலரும் இடமும் மூன்றும் சேர்ந்து வேறு எதற்கும் பொருந்தாத இனங்களும் உண்டு. தாய்லாந்தின் டெஸ்மாக்சைட்டிஸ் பர்பியூரோசியா அப்படி: முள் முளைத்த மடல்கள், உடம்பு முழுக்க அடிக்கிற ரோஸ் கலர், பட்டப்பகலில் சருகுமேல் பயமே இல்லாமல் உட்கார்ந்திருக்கும். அந்த மாதிரி அதிர்ஷ்டம் எப்போதாவதுதான்.

அப்போ ஆணா பெண்ணான்னாவது போட்டோவில தெரியுமா?

பக்கவாட்டுப் படம் கூர்மையாக இருந்தால் தெரியும். தலையை விட்டுவிட்டு, கழுத்துப் பட்டையை ஒன்று என்று எண்ணிக்கொண்டு வந்து ஏழாவது வளையத்தில் நில்லுங்கள். கால் வரிசையில் அங்கே பல் விழுந்த மாதிரி இடைவெளி இருந்தால் வளர்ந்த ஆண், வரிசை தடையில்லாமல் போனால் பெண் அல்லது இளசு. எண்ணும்போது இன்னொன்று: கழுத்துப் பட்டைக்குக் கால் கிடையாது, அடுத்த மூன்று வளையங்களுக்கு ஒவ்வொரு ஜோடிதான் (முதல் பதிலில் நடுப்பகுதியைப் பார்க்கச் சொன்னது இதனால்தான்). உருளும் மரவட்டைகளுக்கு இந்த வழி ஆகாது, அவற்றின் மாறிய கால்கள் பின்கோடியில் இருக்கும்.

ஒரே கட்டைக்கு அடியில ஒன்னு வெள்ளையா, ஒன்னு செக்கச்செவேல்னு இருக்கு. ரெண்டு இனமா?

அவசரப்படாதீர்கள். சட்டை உரித்த புதிதில் மரவட்டை வெளிறி மெத்தென்று இருக்கும், தோல் இறுகிய பிறகுதான் கலர் ஏறும். இளசுகளும் பெரும்பாலும் மங்கல்தான். வளையத்தை எண்ணினால் குட்டு வெளிப்படும்: தட்டை முதுகு மரவட்டை ஏழு வளையத்தோடு ஆரம்பித்து, ஒவ்வொரு தடவை சட்டை உரிக்கும்போதும் வளையம் கூட்டிக்கொண்டே போய் 20இல் நிற்கும். வெள்ளையில் 17, சிவப்பில் 20 என்றால் அநேகமாகப் பிள்ளையும் பெரியதும்.

மியூசியம் படங்களோடு ஒப்பிடுபவர்களுக்கும் இதே எச்சரிக்கை. ஆல்கஹாலில் போட்ட மரவட்டையின் சிவப்பும் ரோஸும் கரைந்து பழுப்பாகிவிடும். பழைய நூல்களில் "மங்கிய பழுப்பு" என்று எழுதியிருப்பது உயிரோடு இருந்தபோது நெருப்பு மாதிரி இருந்திருக்கலாம்.

ராத்திரி ஊதா டார்ச் அடிச்சேன், நீலமா ஒளிருது! மின்மினி மாதிரி ஒளிவிடுற மரவட்டையா?

டார்ச்சை அணைத்துப் பாருங்கள். ஒளியும் போய்விட்டால் அது புற ஊதா ஒளியை வாங்கித் திருப்பிக் கொடுப்பது மட்டும்தான், தட்டை முதுகு மரவட்டைகள் பலவும் இதைச் செய்யும். தேட ரொம்ப உதவும், பேர் வைக்க அவ்வளவாக உதவாது. டார்ச் இல்லாமலே தானாக ஒளிவிடுபவை வெகு சில, அவற்றில் புகழ்பெற்றது கலிஃபோர்னியாவின் மோட்டிக்சியா பேரினம். கண்ணே இல்லாத மரவட்டை ராத்திரியில் ஒளிவிடுவது தன் ஜோடிக்காக இருக்க முடியாது அல்லவா, அதுவும் தின்ன வருபவர்களுக்கான எச்சரிக்கைதான்.

எந்தப் பேரும் ஒத்துவரலை. புது இனமா இருந்தா என் பேரை வைப்பாங்களா?

புது இனமாக இருப்பது நடக்காத காரியம் இல்லை. மேலே சொன்ன ரோஸ் கலர் மரவட்டை, அவ்வளவு பளிச்சென்று இருந்தும், 2007இல்தான் அறிவியல் பெயர் வாங்கியது. ஆனால் படத்தை வைத்துப் பெயர் வைப்பது வழக்கமில்லை, உண்மையான மாதிரி வேண்டும், அதைப் பிடிக்கப் பெரும்பாலான நாடுகளில் வனத்துறை அனுமதி வேண்டும். நீங்களே டப்பாவில் எடுத்து வராதீர்கள். இடம், தேதி, நாலு கோணம் என்று ஒழுங்காகப் பதிவேற்றினால் தேடுபவர் கண்ணில் படும்.

2020இல் அப்படித்தான் ஒன்று நடந்தது. ட்விட்டரில் யாரோ போட்ட ஒரு அமெரிக்க மரவட்டைப் படத்தை டென்மார்க்கில் ஒரு ஆய்வாளர் பெரிதாக்கிப் பார்க்கிறார், தலைப்பக்கம் சில வெள்ளைப் புள்ளிகள். தூசி என்று விடாமல் மியூசியத்தில் இருந்த பழைய மாதிரிகளை எடுத்துத் தேட, அவற்றிலும் அதே புள்ளிகள். அது மரவட்டைமேல் ஒட்டி வாழும் ஒரு பூஞ்சை, அதுவரை யாரும் அறியாத இனம். மரவட்டை ஏற்கெனவே தெரிந்ததுதான். பூஞ்சைக்குத்தான் புதுப் பேர் கிடைத்தது, ட்ரோக்ளோமைசிஸ் ட்விட்டெரி, படமெடுத்தவர் பேரில் இல்லை, ட்விட்டர் பேரில்.